நான்கு பக்கமும் சுண்ணாம்பு

எங்கள் துறையில் பதினெட்டுப் பேர் கட்டடம் எப்படி நிற்கும் என்று பாடம் நடத்துகிறார்கள். அது எப்படி விழும் என்று காட்ட ஒரே ஒருவர்தான் இருக்கிறார். மாணவர்கள் யார் வகுப்புக்கு முந்தியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதவிப் பெயர் ஆய்வக உதவியாளர். கூப்பிடும் பெயர் நொறுக்கு அண்ணன். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளையும் பீம்களையும் இயந்திரத்தில் வைத்து, எத்தனை டன்னுக்குத் தாங்குகின்றன என்று பார்த்து நொறுக்குவது அவர் வேலை. மற்றவர்கள் ஒன்றை உடைத்தால் திட்டு வாங்குவார்கள். இவர் உடைக்காமல் விட்டால் மெமோ வாங்குவார். ஆளைப் பார்த்தால் இவரா என்று கேட்கத் தோன்றும். எட்டுக் கிலோ கட்டி ஒன்றைத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கும் உடம்பு. ஆனால் இருபத்திரண்டு வருடமாகத் தூக்குகிறார். இடுப்பு என்னவோ எனக்குத்தான் பிடித்திருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து.

நான் இந்தத் துறை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக டைப் அடிக்கிறேன். என் டைப்பில் பிழை கண்டுபிடித்தவர் இன்னும் பிறக்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். வேறு யாரும் மெச்சுவதில்லை, அதனால்தான். வாசலில் பித்தளை எழுத்துகளில் துறையின் பெயர் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து ஆறு வருடமாக ஒற்றை ஆணியில் தொங்குகிறது. பாலம் விழாமல் இருக்க வழி சொல்லும் துறையில் ஓர் எழுத்தை நிமிர்த்த ஆள் இல்லை. எழுதிப் போட்டிருக்கிறேன், மூன்று பிரதிகளில்.

நொறுக்கு அண்ணனுக்குத் தொழில் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது சுவரில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் பயந்துபோய், "சுவருக்கு ஏதாவது காய்ச்சலா?" என்று கேட்டாராம். மாடிப் பால்கனியில் மூன்று பேருக்கு மேல் நிற்க விடமாட்டார். நான்காவது ஆளாக அவர் மாமியாரே வந்தாலும் உள்ளே அனுப்பிவிடுவார். மாமியார் என்பதால் இன்னும் சீக்கிரம் அனுப்புவார் என்பது அவர் மனைவியின் கணிப்பு.

அந்த அம்மாள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "இத்தன வருஷத்துல வீட்டுல ஒரு டம்ளர் கூட உடைச்சதில்லக்கா இவரு. உடைச்சதெல்லாம் என் பொறுமையத்தான்."

கான்கிரீட் வார்த்தால் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகுதான் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த இருபத்தெட்டு நாளும் கட்டிகளை அவர் பார்த்துக்கொள்ளும் அழகைப் பார்க்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் முகம் வாடும். "புள்ளைங்க மூச்சுமுட்டக் கிடக்குதுங்க" என்பார். தண்ணீருக்குள் இருந்தால்தான் அவற்றுக்கு மூச்சாம். இருபத்தெட்டாம் நாள் தூக்கித் துடைத்து, ஒரு தட்டுத் தட்டி, "இது முப்பத்தெட்டு டன்னு" என்று ஜோசியம் சொல்லிவிட்டு உள்ளே வைப்பார். இயந்திரம் முப்பத்தெட்டரை என்று காட்டினால் இயந்திரத்தைச் சந்தேகிப்பார்.

இப்படிப்பட்டவரிடம் வருடா வருடம் தவறாமல் நடக்கும் கச்சேரி ஒன்று உண்டு. புது மாணவர்களின் முதல் ஆய்வக வகுப்பு. பேராசிரியர் வந்து பாதுகாப்பு விதிகளைப் படித்துவிட்டுப் போவார், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் தலை மறைந்ததும் நொறுக்கு அண்ணன் ஒரு ஸ்டூலில் ஏறி உட்காருவார்.

"கான்கிரீட்டு நல்லவன். ஆனா ஒரு கோளாறு. அமுக்கினா எவ்வளவு வேணாலும் தாங்குவான், இழுத்தா அழுதுடுவான். பீம் மேல பாரம் வச்சா அது கீழ் நோக்கி வளையும். வளைஞ்சா அடிப்பக்கம் இழுபடும். அதனாலதான் தடிக் கம்பி மூணையும் அடிப்பக்கம் போடுறோம். மேல ரெண்டு கம்பி சும்மா பேருக்கு. இப்ப பீமைத் தலைகீழா வச்சா என்ன ஆகும்?"

யாராவது ஒருவர், "உடைஞ்சிடும்" என்பார்.

"உடைஞ்சிடும்னு புஸ்தகத்துல படிச்சுச் சொல்றீங்க. நான் கண்ணால பார்த்தேன். இதே லேபு, இதே ஃபிரேமு. ஒரு மகானுபாவர். ஆராய்ச்சி பண்றவரு. பன்னண்டு டன்னுக்கு நிக்க வேண்டிய பீம், மூணு டன்ல 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அந்தச் சத்தத்துல அப்போ இருந்த பெரிய புரொபசர் கையில இருந்த டீ கிளாசு கீழ விழுந்து உடைஞ்சுது. அன்னைக்கு லேப்ல தாங்கவேண்டிய எதுவும் தாங்கல!"

சிரிப்பு. யார் அந்த மகானுபாவர் என்று அவர் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை. இடைவேளைக்குள் மூத்த மாணவர்கள் காதில் போட்டுவிடுவார்கள். இன்றைய துறைத்தலைவர்தான் அவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் தலைகீழ் சார். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி யார் என்றால், நான்தான். அப்போது அதில் எனக்கு ஏகப் பெருமை.

சம்பவத்தின்போது துறைத்தலைவர் ஒல்லியாக, தாடியுடன் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். சோதனைக்கு முன்னால் பீம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆராய்ச்சியாளர் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கும் அதுதான் விதி. பீம் நிமிர்ந்து நின்றாலும் கவிழ்ந்து நின்றாலும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விடியும். அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். 'கவனக்குறைவு முழுவதும் என்னுடையது' என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். நான்தான் டைப் அடித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். அதனால் அவருக்கு ஒரு வருடம் வீணானது என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

இனி இந்த வருடத்துக் கதை.

எங்களிடம் ஓர் ஆராய்ச்சிப் பெண் இருந்தாள். கம்பியைக் கான்கிரீட் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதனால் அவள் பெயரும் பிடிமானம் ஆகிவிட்டது. ஆளும் அப்படித்தான், ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள். ஈரக் கான்கிரீட்டில் தண்ணீர் மேலே ஊறி வரும். அதனால் வார்க்கும்போது மேல்பக்கம் இருக்கும் கம்பிக்குப் பிடிப்புக் குறையும் என்பது அவள் வாதம். அதை நிரூபிக்க ஆறு பீம் வார்த்தாள். சிலவற்றை வழக்கம்போல வார்த்தாள். சிலவற்றைத் தடிக் கம்பி மேலே இருக்கும்படி அச்சில் கவிழ்த்து வார்த்தாள். அப்படி வார்த்தவற்றைச் சோதனைக்கு வைக்கும்போது புரட்டி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று குழம்பக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பீமிலும் சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறி போட்டு 'மேல்' என்று எழுதி வைத்திருந்தாள்.

ஐந்து பீம் முடிந்துவிட்டது. ஆறாவது பீம்தான் கடைசி. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. இருபது நாளில் வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். இந்தப் பீம் ஒழுங்காக உடைந்தால் அவள் டாக்டர். ஒழுங்கில்லாமல் உடைந்தால் மறுபடி வார்த்து, இருபத்தெட்டு நாள் ஊறவைத்து... அதற்கெல்லாம் நாள் இல்லை. மூன்று வருட உழைப்பு தண்ணீரில் போட்ட கான்கிரீட்டாக இறுகாது, உப்பாகக் கரைந்துவிடும்.

அந்த ஆறாவது பீமைச் சோதிக்க வேண்டிய நாளில்தான் வெளியிலிருந்து நான்கு நிபுணர்கள் துறையைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. அவர்கள் முன்னாலேயே சோதனை நடக்கட்டும் என்று துறைத்தலைவர் முடிவு செய்தார். முதல் நாள் ஆய்வகத்தில் தலையை நீட்டி, "எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைதான் வினை.

பீமுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம்தான். தலைமுடி அளவு விரிசல் கூட வெள்ளையில் தெரியும் என்பதற்காக இரண்டு பக்கவாட்டிலும் அடிப்பார்கள். நொறுக்கு அண்ணனிடம் பளிச்சென்று இருக்கச் சொன்னால் விடுவாரா? நான்கு பக்கமும் அடித்தார். இரண்டு முனைகளிலும் அடித்தார். இரண்டு கோட் அடித்தார். மிச்சம் இருந்ததை ஸ்டூலுக்கும் அடித்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சங்கிலிக் கப்பியில் பீமைத் தூக்கி, பாரம் ஏற்றும் இரும்பு ஃபிரேமுக்குள் அழகாக இறக்கி வைத்தார். பிடிமானம் ஓடி வந்து, "எல்லாம் சரியாண்ணே?" என்றாள்.

"நான் வச்சா சரியா இல்லாம?" என்றார்.

அவளுக்கு மேலே கருத்தரங்கு அறையில் நிபுணர்களுக்குத் தன் ஆராய்ச்சியை விளக்க நேரமாகிவிட்டது. நின்றபடியே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள்.

பத்து மணி இருக்கும். நான் அலுவலக வாசலிலிருந்து பார்க்கிறேன், நொறுக்கு அண்ணன் நடைபாதையில் துறைத்தலைவர் அறை வரை வருகிறார், திரும்புகிறார். மறுபடி வருகிறார், திரும்புகிறார். மூன்றாவது தடவை வந்தபோது முகம் பீமை விட வெள்ளையாக இருந்தது.

"என்னப்பா, நடைபாதைய அளக்குறியா?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லாததற்கு இப்படி வியர்க்காது. விஷயம் இதுதான். இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்திருக்கிறார். கரணையால் தடவி முடித்த முகம் மேலே இருக்கிறதே என்று திருப்தியாகப் பார்த்திருக்கிறார். வார்க்கும்போது மேலே இருந்த முகம் அது. வழக்கமாகச் சோதனையிலும் அதுதான் மேலே இருக்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக வைத்துவிட்டது. பிறகுதான் டீ பாதியில் நின்றது. இந்தப் பெண் சிலவற்றைக் கவிழ்த்தல்லவா வார்த்தாள்? இது எந்த வகை? அம்புக்குறி எங்கே? அம்புக்குறி இரண்டு கோட் சுண்ணாம்புக்குள் சமாதி.

அவள் நோட்டில் இருக்கும். நோட்டு அவள் கையில், அவள் மேலே நான்கு நிபுணர்கள் நடுவில். சுரண்டிப் பார்த்தால் பெயின்ட் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்தது. எது அம்பின் தலை, எது வால் என்று தெரியவில்லை. இன்னொரு வழி இருந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்று துறையில் உண்டு. கம்பி பக்கத்தில் வந்தால் கீச்சென்று கத்தும். மோப்பம் என்று அதற்குப் பெயர். விலை உயர்ந்தது என்பதால் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி துறைத்தலைவர் மேசையில்.

சும்மா இருந்திருந்தாலும் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. இதை நான் சொல்லியாக வேண்டும். பீம் மூன்று டன்னில் உடைந்தால் எல்லோரும் முதலில் எடுக்கப்போவது அந்தத் தாளைத்தான். அதில் இருப்பது பிடிமானத்தின் கையெழுத்து. இவர் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் சாவியைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். யாரிடம்? இருபத்திரண்டு வருடமாக எவருடைய தலைகீழ்க் கதையைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அவரிடம்.

நான்காவது தடவை அவர் திரும்பவில்லை. உள்ளே போனார்.

என் மேசைக்கும் துறைத்தலைவர் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புத்தான். காது கொடுத்துக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காது இருந்தது, கேட்டது.

"சார்..."

"சொல்லுங்க. அவங்க கீழ வர நேரமாச்சா?"

"இல்ல சார். சார்... மறுபடியும் வச்சுட்டேன்னு நினைக்கிறேன்."

என் விரல் டைப் பலகை மேல் நின்றுவிட்டது. மறுபடியுமா?

துறைத்தலைவர் குரல் வந்தது. கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டுடுச்சு சார். நான் வச்சா சரியாத்தான் இருக்கும்னு நம்பி..."

"பார்க்காமலே போட்டுடுச்சு."

"ஆமா சார். உங்கள மாதிரியே."

"மேல்னு எழுதியிருக்குமே?"

"சுண்ணாம்பு அடிச்சுட்டேன் சார்."

"மேல்பக்கத்துக்கா?"

"நாலு பக்கமும்."

"நாலு பக்கம் எதுக்குய்யா?"

"நீங்கதான் சார் பளிச்சுன்னு இருக்கணும்னீங்க."

துறைத்தலைவர் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும் சாவிக்கொத்துக் குலுங்கும் சத்தமும் கேட்டன. நொறுக்கு அண்ணன் குரல் உடைந்திருந்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். தற்காலிகம். கல்யாணமாகி ஒரு மாசம். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். நீங்களா ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டீங்க. அப்புறம் யாராவது என்னச் சந்தேகப்படுவாங்களோன்னு நானே முந்திக்கிட்டு உங்க கதையச் சொல்ல ஆரம்பிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கச் சிரிக்க நிறுத்த முடியல சார்."

"தெரியும்யா. அதுல டீ கிளாஸ் உடையுற இடம் நல்லாத்தான் இருக்கு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே, எங்கேருந்து பிடிச்சீங்க? வாங்க, நேரமில்ல."

இரண்டு பேரும் என் மேசையைத் தாண்டி ஓடினார்கள். துறைத்தலைவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, மேல இருக்கறவங்கள அரை மணி நேரம் கீழ விடாதீங்க" என்றார்.

ஆயிரம் பேர் வந்தாலும் தடுத்து நிறுத்த ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. நான் படிவங்களை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பார்வையாளர் விவரம், மூன்று பிரதி. பாதுகாப்பு உறுதிமொழி, மூன்று பிரதி. எழுதாத பேனாவாகப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு நிபுணர் பெயரைச் சுருக்கமாக எழுதியிருந்தார். முழுப்பெயர் வேண்டுமென்று திருப்பிக் கொடுத்தேன். இன்னொருவர், "போன வருஷம் இதெல்லாம் கேட்கலையே?" என்றார். "போன வருஷம் விட்டதுக்கே இந்த வருஷம் எனக்கு விளக்கம் கேட்டிருக்காங்க சார்" என்றேன். கூசாமல் சொன்னேன். பிடிமானம் என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். பார்க்கட்டும்.

நடுவில் டீ சொல்வதாகக் கீழே இறங்கி ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். மோப்பத்தைப் பீமின் அடிப்பக்கத்தில் வைத்தபோது மூக்கடைத்தவன் போல முனகியதாம். மேல்பக்கம் வைத்தவுடன் ஊரைக் கூட்டியதாம். தடிக் கம்பி மூன்றும் மேலேதான் இருந்திருக்கின்றன. நான் பார்த்தபோது கால் டன் பீம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நொறுக்கு அண்ணன் ஒரு முனையைப் பிடித்துத் திருப்ப, துறைத்தலைவர் கோட்டைக் கழற்றிச் சுண்ணாம்பு அடித்த ஸ்டூலில் போட்டுவிட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை.

"மெதுவா சார், மெதுவா. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும்யா. நானும் இந்த லேப்லதான் படிச்சேன்."

"அதனாலதான் சார் சொல்றேன்."

இந்த நிலைமையிலும் அந்த வாய் அடங்கவில்லை பாருங்கள்.

பதினொரு மணிக்கு நிபுணர்கள் இறங்கினார்கள். பீம் ஃபிரேமில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. பிடிமானம் சோதனையை ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினாள். நொறுக்கு அண்ணன் இயந்திரத்தைத் தொடவில்லை. அவள் காலையில் கையெழுத்திட்ட தாளை எடுத்தார், எல்லோரும் பார்க்க இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் ஒன்றையும் மோப்பத்தையும் அவள் கையில் கொடுத்தார்.

"காலையில நான் இதத் தலைகீழா வச்சிருந்தேன்மா. உன் அம்புக்குறி மேல சுண்ணாம்பும் நான்தான் அடிச்சேன். இப்ப புரட்டி வச்சிருக்கோம். என்ன நம்பாத. நீயே பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு."

நான்கு நிபுணர்களும் அவரைப் பார்த்தார்கள். நெற்றி சிவந்திருந்தது, ஆனால் தலை குனியவில்லை. பிடிமானம் குனிந்து, அடிப்பக்கம் முழுவதும் கருவியை நகர்த்திப் பார்த்தாள். கீச், கீச், கீச். மூன்று கம்பி. நோட்டைத் திறந்து சரிபார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பாரம் ஏறியது. மூன்று டன்னைத் தாண்டியபோது நொறுக்கு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நான்கு. ஐந்து. முதல் விரிசல் கீழே மெல்லியதாகக் கீறியது. அவர் ஓடிப் போய்ப் பக்கத்தில் பென்சிலால் டன் கணக்கை எழுதினார். ஏழு. ஒன்பது. அவள் கவிழ்த்து வார்த்ததற்கு ஒன்பதரைதான் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒன்பதே முக்காலில் அது பெருமூச்சு விட்டதுபோல் உள்ளுக்குள் நழுவி உட்கார்ந்தது. பிடி விட்டுவிட்டது. அவள் சொன்னபடியே விட்டது. பிடிமானம் அழுதாள். உடைந்ததற்குச் சந்தோஷப்பட்டு அழும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். நொறுக்கு அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அதிலும் சுண்ணாம்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை.

மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பழைய கடிதம் கோப்பில் இருக்குமே, எடுத்துப் பார்ப்போம் என்று ஓர் ஆசை. நல்ல எண்ணத்தில் எடுத்தேன் என்று சொன்னால் பொய். இவ்வளவு பெரிய ரகசியத்துக்கு நான்தான் சாட்சி என்று ஒரு கெத்து. இரண்டாம் அலமாரியில் அடியில் கிடந்தது. நான் அடித்த கடிதம் மேலே, அவர் கையால் எழுதிய நகல் பின்னால் குத்தியிருந்தது. இரண்டையும் படித்தேன். கையால் எழுதிய நகலில், 'என் கவனக்குறைவால் 1 பீமின் முடிவு செல்லாது' என்று இருந்தது. நான் அடித்ததில், '2 பீம்களின் முடிவு செல்லாது.'

டைப் மிஷினில் ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்த கட்டைகள். சிரித்துக்கொண்டே அடித்தால் விரல் எங்கே போகும்? எண் இரண்டு என்று விழுந்ததும் என் கை தானாகவே பீமைப் பன்மையாக்கிவிட்டது, எவ்வளவு கெட்டிக்காரக் கை! அந்தக் கடிதத்தை வைத்துத்தான் நன்றாக வந்திருந்த இன்னொரு பீமின் முடிவையும் தள்ளினார்கள். அரை வருடத்தில் முடிய வேண்டியது ஒரு வருடமானது. ஒரு வருடத்தில் பாதி நொறுக்கு அண்ணன் கணக்கு. மீதிப் பாதி என் கணக்கு. பெயர் வைத்தது தனி.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நடைபாதையை அளந்தேன். எத்தனை தடவை என்று சொல்லமாட்டேன். நொறுக்கு அண்ணனை விட அதிகம்.

கடைசியில் உள்ளே போய் மேசையில் வைத்தேன். "சார், இது..." என்றேன்.

துறைத்தலைவர் பார்த்தார். "தெரியும்க்கா" என்றார்.

"எப்போலேருந்து சார்?"

"கையெழுத்துப் போட்டு அஞ்சு நிமிஷத்துல. படிக்காம கையெழுத்துப் போடுறதுதான் எனக்குப் பழக்கமாச்சே."

"அப்புறம் ஏன் சார் சொல்லல? அரை வருஷம் சார்!"

"திரும்பி வந்தேன். நீங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. எனக்குன்னு ஒரு புதுப் பேர் வச்சு, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதக் கேட்டுட்டு உள்ள வர ஒரு மாதிரி இருந்துச்சு. அப்படியே போயிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க சார் என்றேன். அவர், "வாசல்ல அந்த எழுத்து தொங்குதே, அதுக்கு ஒரு லெட்டர் அடிங்கக்கா. நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

பிடிமானம் டாக்டராகி ஊரை விட்டுப் போனாள். புது வருடம் பிறந்தது, புது மாணவர்கள் வந்தார்கள். முதல் ஆய்வக வகுப்புக்கு முதல் நாள் நான் நொறுக்கு அண்ணனைப் பிடித்து என் கதையைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். "நாளைக்கு உன் கதையச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிடுப்பா" என்றேன்.

அவர் ஒரு கட்டியைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். "வேணாம்க்கா. ஏற்கெனவே என் பங்கு வேற சேர்ந்து கதை நீளமாயிடுச்சு. உங்களையும் சேர்த்தா பசங்க தூங்கிடுவாங்க."

மறுநாள் ஆய்வக வாசலில் போய் நின்றேன். பாதுகாப்பு விதிகளைப் படிக்க வேண்டியவர் படித்துவிட்டுப் போனார். நொறுக்கு அண்ணன் ஸ்டூலில் ஏறினார். பீம் மூன்று டன்னில் போயிட்டு வரேன் என்றது. டீ கிளாஸ் வழக்கம்போல உடைந்தது. சிரித்து முடித்த ஒரு மாணவி கேட்டாள்: "தலைகீழா வச்ச அந்த மகானுபாவர் யாருண்ணே?"

"நான்தான். ரெண்டு தடவ" என்றார்.

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசல் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து, "என்னக்கா, பாக்கியச் சொல்லவா?" என்றார்.

"நீ இறங்கு, நான் சொல்றேன்" என்று உள்ளே போனேன். ஸ்டூலில் ஏறும் முன் இரண்டு கையாலும் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.

யாரும் தூங்கவில்லை.